ஒற்றை ட்ரான்சிஸ்டர் கிட்டார் பூஸ்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் பூஸ்டர் பெடலைச் சொந்தமாகச் செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. எல்லாப் பதில்களும் எல்பிபி-1 என்ற ஒரே சர்க்யூட்டை ஒட்டியே எழுதப்பட்டுள்ளன. மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். மலிவான டிஜிட்டல் மீட்டரே போதும்.

1. பூஸ்டர் என்றால் என்ன? சத்தம் கூட்ட ஆம்ப்பிலேயே வால்யூம் இருக்கிறதே?

பூஸ்டர் கிட்டாரிலிருந்து வரும் சிக்னலை ஆம்ப்புக்குள் நுழையும் முன்பே பெரிதாக்குகிறது. ஆம்ப்பின் வால்யூமைத் திருப்பினால் கடைசியில் வரும் சத்தம் கூடும். பூஸ்டரை அழுத்தினால் ஆம்ப்பின் முதல் கட்டத்துக்கே அதிக வோல்டேஜ் போகும். அங்கே வால்வு (வெற்றிடக் குழாய்) இருந்தால் அது திணறி, இழுவையும் கரகரப்பும் கலந்த டோன் வரும். ஏற்கெனவே ஆம்ப் உடைகிற, அதாவது ஒலி கரகரக்கத் தொடங்கும், நிலையில் இருந்தால் சத்தம் பெரிதாக ஏறாது, டோன்தான் கெட்டியாகும். ‘பூஸ்டர் போட்டும் சத்தம் கூடவில்லையே’ என்ற கேள்விக்கும் இதுதான் பதில்.

2. முதல் தடவை செய்கிறேன். எந்த சர்க்யூட்டில் ஆரம்பிக்கலாம்?

எல்பிபி-1-ல். நியூயார்க்கின் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1960-களின் இறுதியில் வெளியிட்ட பூஸ்டர் இது. பாப் மையர் வடிவமைத்தார், மைக் மேத்யூஸ் விற்றார். ஒரு ட்ரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், இரண்டு கெபாசிட்டர், ஒரு வால்யூம் பாட் (குமிழால் திருப்பும் மாறு ரெசிஸ்டர்), அவ்வளவுதான். இவ்வளவு குறைந்த பாகங்களில் உண்மையிலேயே மேடையில் வாசிக்கத்தக்க பெடல் வேறு அரிது. ஒவ்வொரு பாகமும் டோனில் என்ன செய்கிறது என்பதைத் தனித்தனியாக மாற்றிக் கேட்டுப் பார்க்கவும் முடியும்.

நேராக சால்டர் செய்ய வேண்டாம். முதலில் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை) செருகி, ஒலி வந்து, கேள்வி 7-ல் சொல்லும் வோல்டேஜ் சரியாக இருந்த பிறகு வெரோபோர்டுக்கு (செம்புப் பட்டைகள் ஓடும் துளைப் பலகை) மாற்றுங்கள்.

3. என்னென்ன வாங்கணும்?

சர்க்யூட்டுக்கு: பிசி549சி அல்லது பிசி547பி ட்ரான்சிஸ்டர் (ஐந்தாக வாங்குங்கள்). கால் வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களில் 470 கிலோ ஓம், 47 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 390 ஓம், 1 மெகா ஓம், 4.7 கிலோ ஓம், 100 ஓம், எல்லாம் ஒவ்வொன்று. 0.1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் இரண்டு, மேலே 104 என்று அச்சிட்டிருக்கும். 100 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் எலெக்ட்ரோலிட்டிக் ஒன்று. 1என்5817 டையோடு ஒன்று. 100 கிலோ ஓம் லாக் (லாகரிதமிக்) பாட் ஒன்று.

பெட்டிக்கு: கால் அங்குல ஜாக்கில் ஸ்டீரியோ ஒன்று, மோனோ ஒன்று. ஒன்பது கால் கொண்ட 3பிடிடி மிதி ஸ்விட்ச், எல்இடி, 2.1 மிமீ டிசி சாக்கெட், 9 வோல்ட் பேட்டரி கிளிப். பெட்டிக்கு 1590பி என்ற அளவு, சுமார் 112 × 60 × 31 மிமீ, அலுமினிய வார்ப்பு. சென்னையில் ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்கள் சுலபமாகக் கிடைக்கும். மிதி ஸ்விட்சையும் பெட்டியையும் பெரும்பாலும் ஆன்லைனில்தான் தேட வேண்டியிருக்கும்.

பாட் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். லீனியர் பாட் போட்டால் குமிழை லேசாகத் திருப்பியதுமே சத்தம் பாய்ந்துவிடும், பிறகு முழுச் சுற்றும் வீண். லாக் பாட்டின் மேல் ஏ100கே என்றும் லீனியரில் பி100கே என்றும் போட்டிருப்பது வழக்கம்.

4. சர்க்யூட் படம் பார்க்கத் தெரியாது. வார்த்தையில் சொல்ல முடியுமா?

முடியும். ட்ரான்சிஸ்டருக்கு பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று கால்கள் (எது எது என்பது கேள்வி 6-ல்). கிரவுண்டு என்பது இங்கே பவரின் மைனஸ் பக்கம். உள்ளே வரும் சிக்னல் முதல் 0.1 கெபாசிட்டர் வழியாக ட்ரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகிறது. அதே பேஸிலிருந்து 470 கிலோ ஓம் 9 வோல்ட்டுக்கும், 47 கிலோ ஓம் கிரவுண்டுக்கும். கலெக்டரிலிருந்து 10 கிலோ ஓம் 9 வோல்ட்டுக்கு. எமிட்டரிலிருந்து 390 ஓம் கிரவுண்டுக்கு. கலெக்டரிலிருந்தே இரண்டாவது 0.1 கெபாசிட்டர் கிளம்பி பாட்டின் ஒரு ஓரக் காலுக்குப் போகிறது. பாட்டின் மறு ஓரம் கிரவுண்டு. நடுக்கால்தான் வெளியீடு.

மீதி ரெசிஸ்டர்களில் 1 மெகா ஓம், உள்ளீட்டு கெபாசிட்டரின் வெளிப்பக்கத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவே. ஸ்விட்சை மிதிக்கும்போது வரும் ‘டொப்’ சத்தத்தைக் குறைக்க இது. 4.7 கிலோ ஓம் எல்இடி-க்கு. 100 ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோ ஃபாரடும் அடாப்டர் இரைச்சலை வடிகட்ட: பவர் முதலில் 1என்5817 வழியாக வந்து, 100 ஓம் தாண்டி, கெபாசிட்டரின் பிளஸ் காலைத் தொட்டு, பிறகு சர்க்யூட்டுக்குப் போக வேண்டும்.

390 ஓம், ஆரஞ்சு-வெள்ளை-பழுப்பு. ஆரஞ்சு-வெள்ளை-மஞ்சள் 390 கிலோ ஓம். அதை எமிட்டரில் போட்டுவிட்டால் சர்க்யூட் செத்த மாதிரி கிடக்கும். ஐந்து வளைய ரெசிஸ்டரில் நிறத்தை நம்பாமல் மீட்டரில் அளந்துவிட்டுச் செருகுங்கள்.

5. ஒரிஜினல் படத்தில் 430கே, 43கே என்று இருக்கிறது. நீங்கள் 470கே, 47கே சொல்கிறீர்களே?

பேஸ் வோல்டேஜைத் தீர்மானிப்பது இரண்டுக்கும் உள்ள விகிதம். இரண்டு ஜோடியிலும் அது பத்துக்கு ஒன்று, 9 வோல்ட்டில் சுமார் 0.8 வோல்ட் பேஸுக்குக் கிடைக்கும். காதால் வித்தியாசம் தெரியாது. ஒன்றை 470 ஆகவும் மற்றதை 43 ஆகவும் கலந்து போடுவதுதான் தவறு, விகிதம் மாறிவிடும்.

6. பிசி547 போட்டால் போதுமா? 2என்5088 தான் ஒரிஜினல் சவுண்ட் தரும் என்கிறார்களே?

போதும். இந்த சர்க்யூட்டில் எத்தனை மடங்கு பெரிதாகும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது 10 கிலோ ஓமும் 390 ஓமும். ட்ரான்சிஸ்டரின் பங்கு சிறிது. ஆரம்பகால எல்பிபி-1-ல் 2என்5133 இருந்தது, பிறகு வேறு வகைகள் வந்தன, பெடல் அதே பெடலாகத்தான் ஒலித்தது. பிசி549சி-யைச் சொல்வதற்குக் காரணம் அதன் இரைச்சல் குறைவு, கெயின் (பெரிதாக்கும் திறன்) தாராளம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது கால் வரிசை. தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்தால் பிசி547, பிசி549 இரண்டிலும் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904, 2என்5088 இரண்டிலும் எமிட்டர், பேஸ், கலெக்டர். பிளாஸ்டிக் 2222 வகைகளில் இன்னும் குழப்பம்: பிஎன்2222 ஒரு வரிசை, பி2என்2222ஏ நேர் எதிர் வரிசை. சந்தேகம் இருந்தால் மீட்டரை டையோடு சோதனையில் வைத்து, சிவப்பு முனையை பேஸில் தொட்டு, கறுப்பை மற்ற இரண்டிலும் மாற்றி மாற்றி வையுங்கள். 0.6-லிருந்து 0.7 வரை இரண்டு அளவு வரும், அதில் சற்றே கூடுதலாகக் காட்டுவது எமிட்டர்.

போர்டில் மூன்று கால் சாக்கெட் சால்டர் செய்து ட்ரான்சிஸ்டரை அதில் செருகுங்கள். மாற்றிப் பார்க்கவும் வசதி, சூட்டில் கெடும் பயமும் இல்லை.

7. எல்லாம் சரியாகத்தான் போட்டேன், சத்தமே வரவில்லை. என்ன செய்வது?

இணைப்புகளை முறைத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். கலெக்டர் வோல்டேஜை அளங்கள். மீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில், சிவப்பு கலெக்டரில். 9 வோல்ட் சப்ளையில் 4.5 முதல் 5.5 வோல்ட்டுக்குள் இருந்தால் ட்ரான்சிஸ்டர் நலம், கோளாறு வெளியே: ஜாக், ஸ்விட்ச், பாட், கேபிள். பேஸில் சுமார் 0.78, எமிட்டரில் 0.15-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

கலெக்டர் 9 வோல்ட்டையே காட்டினால் ட்ரான்சிஸ்டர் வழியாக கரண்டே ஓடவில்லை. 470 கிலோ ஓம் ஒட்டவில்லை, 390 ஓம் கிரவுண்டைத் தொடவில்லை, அல்லது ட்ரான்சிஸ்டர் தலைகீழ். 1 வோல்ட்டுக்கும் கீழே விழுந்திருந்தால் ட்ரான்சிஸ்டர் முழுதாகத் திறந்து கிடக்கிறது: பெரும்பாலும் 47 கிலோ ஓம் விட்டுப்போயிருக்கும், அல்லது வெரோபோர்டின் இரண்டு செம்புப் பட்டைகளுக்கு நடுவே ஈயம் வழிந்திருக்கும். பட்டைகளுக்கு இடையே கத்தி முனையால் ஒருமுறை கீறி விடுங்கள். சுத்தமாகப் பூஜ்ஜியம் என்றால் பவரே வரவில்லை.

பெட்டிக்குள் பொருத்திய பிறகு அளக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உள்ளீட்டு ஜாக்கில் பிளக் செருகியிருந்தால்தான் பேட்டரி இணையும் (கேள்வி 9). வெறும் ஜாக்கோடு அளந்தால் எப்போதும் தவறான அளவுதான் வரும்.

ட்ரான்சிஸ்டரைத் தலைகீழாகப் போட்டு நெடுநேரம் பவர் கொடுத்திருந்தால், திருப்பிப் போட்டுத் தொடராமல் புதிதை மாற்றிவிடுங்கள். பேஸ்-எமிட்டர் சந்தி தாங்கும் தலைகீழ் வோல்டேஜ் பிசி547-ல் 6 வோல்ட்தான். அதைத் தாண்டினால் ட்ரான்சிஸ்டர் சாகாவிட்டாலும் இரைச்சல் கூடும்.

8. மிதி ஸ்விட்சில் ஒன்பது கால் இருக்கிறது. எதில் எதை இணைப்பது?

மூன்று தனி ஸ்விட்சுகள் ஒரே உடம்பில் இருக்கின்றன, அவ்வளவுதான். முதலில் மீட்டரின் பீப் சோதனையில் எந்த மூன்று கால்கள் ஒரு குழு என்று கண்டுபிடியுங்கள். நடுக்கால் எப்போதும் ஏதாவது ஒரு ஓரத்தோடு சேர்ந்திருக்கும், மிதித்தால் மறு ஓரத்துக்குத் தாவும்.

முதல் குழுவின் நடுவில் உள்ளீட்டு ஜாக்கின் முனைக் கால் (டிப்), இரண்டாம் குழுவின் நடுவில் வெளியீட்டு ஜாக்கின் முனைக் கால், மூன்றாம் குழுவின் நடுவில் கிரவுண்டு. மேல் வரிசையில் முதல் இரண்டு கால்களை ஒரு கம்பியால் இணையுங்கள். பெடல் அணைந்திருக்கும்போது கிட்டார் இந்த வழியாக நேரே ஆம்ப்புக்குப் போகும். கீழ் வரிசையில் முதல் கால் போர்டின் உள்ளீட்டுக்கு, இரண்டாவது பாட்டின் நடுக்காலுக்கு, மூன்றாவது எல்இடி-யின் குட்டைக் காலுக்கு. எல்இடி-யின் நீளக் கால் 4.7 கிலோ ஓம் வழியாக 9 வோல்ட்டுக்கு. ஒரு காலில் மூன்று விநாடிக்கு மேல் அயர்னை வைக்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் இளகி, கால் சாய்ந்து, ஸ்விட்ச் வேலை செய்யாமல் போகும்.

9. பேட்டரி, அடாப்டர் இரண்டும் வேண்டும். எப்படி?

உள்ளீட்டில் ஸ்டீரியோ ஜாக் போடச் சொன்னது இதற்காகத்தான். பேட்டரியின் கறுப்புக் கம்பியை அதன் வளையக் காலில் (ரிங்) இணையுங்கள். மோனோ பிளக் செருகியதும் வளையமும் கிரவுண்டும் பிளக்கின் உடலால் இணைந்து பேட்டரி வேலை செய்யும். பிளக்கை உருவினால் அணையும். வாசித்து முடித்ததும் கேபிளை உருவி வைக்கும் பழக்கம் இதனால் வந்ததே.

டிசி சாக்கெட்டில் நடு ஊசி மைனஸ், வெளிப்புறம் பிளஸ். கிட்டார் பெடல்களின் வழக்கம் அது, வீட்டிலுள்ள மற்ற அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். பேட்டரியின் சிவப்புக் கம்பியை சாக்கெட்டின் துண்டிக்கும் காலில் இணைத்தால், அடாப்டர் செருகியதும் பேட்டரி தானாக விலகும். தவறான அடாப்டரைச் செருகினாலும் 1என்5817 கரண்டைத் தடுத்துவிடும். அது கொஞ்சம் வோல்டேஜைத் தின்னும், பரவாயில்லை.

சர்க்யூட் குடிப்பது அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவு. எல்இடி 1.5 மில்லி ஆம்பியர். பேட்டரியைத் தீர்ப்பது விளக்குதான்.

10. பேட்டரி பழசானால் சத்தம் விட்டு விட்டு வருகிறது. ஏன்?

கேள்வி 5-ல் சொன்ன 0.8 வோல்ட், பேட்டரியோடு சேர்ந்து இறங்கும். ட்ரான்சிஸ்டர் திறக்க சுமார் 0.6 வேண்டும். பேட்டரி 8 வோல்ட்டுக்கு வரும்போதே கலெக்டர் அளவு நகர ஆரம்பிக்கும். 7 வோல்ட்டில் ட்ரான்சிஸ்டர் கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும், ஓங்கி அடித்த நோட் மட்டும் துப்பித் துப்பி வரும். அந்த ஒலியை விரும்பித் தேடுகிறவர்களும் உண்டு. மற்றவர்கள் 8 வோல்ட்டில் பேட்டரியை மாற்றிவிடலாம்.

11. ஹம் (உறுமல்) வருது, சில சமயம் ரேடியோகூடக் கேட்குது.

பெட்டி பிளாஸ்டிக்கா? அப்படியென்றால் உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி அதை கிரவுண்டோடு இணையுங்கள், அல்லது உலோகப் பெட்டிக்கு மாறுங்கள். உலோகப் பெட்டியாக இருந்து ஜாக்கைச் சுற்றி பெயின்ட் தடுத்தால், துளையின் உட்புறத்தை மணல்தாளால் தேய்த்து உலோகம் உலோகத்தைத் தொடச் செய்யுங்கள்.

பேட்டரியில் அமைதியாக இருந்து அடாப்டரில் மட்டும் ஹம் என்றால் குற்றம் அடாப்டருடையது. 100 ஓமை 470 ஓமாக உயர்த்திப் பாருங்கள், இழக்கும் வோல்டேஜ் சுமார் 0.2 தான். எல்இடி-க்கான இணைப்பு இந்த ரெசிஸ்டருக்கு முன்பிருந்தே போக வேண்டும்.

ரேடியோவுக்கு மருந்து, கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே 47 பிக்கோ ஃபாரட் செராமிக் ஒன்று. 100-க்கு மேல் போகாதீர்கள், இந்த இடத்தில் அது கெயினோடு பெருக்கப்பட்டு வேலை செய்வதால் கிட்டாரின் மினுமினுப்பும் சேர்ந்து போய்விடும்.

12. குமிழைக் குறைத்து வைத்தாலும் ஓங்கி அடித்தால் உடைகிறது. சுத்தமான பூஸ்ட் வேண்டும்.

வால்யூம் பாட் ட்ரான்சிஸ்டருக்குப் பின்னால் இருக்கிறது. உடைவது அதற்கு முன்பே. கணக்கு இது: 10 கிலோ ஓமோடு பாட்டின் சுமை சேர்ந்து சுமார் 9.1 கிலோ ஓம். அதை 390 ஓமும் ட்ரான்சிஸ்டரின் உள் எதிர்ப்பும் சேர்ந்த 455 ஓமால் வகுத்தால் 20 மடங்கு, அதாவது 26 டெசிபல். கலெக்டர் 5 வோல்ட்டில் நிற்கும்போது மேலே போக மிச்சம் 4 வோல்ட்தான். ஆக உள்ளே வரும் சிக்னலின் உச்சம் 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே மேல்முனை நசுங்கும். ஹம்பக்கரில் (இரட்டைச் சுருள் பிக்கப்) ஓங்கி அடித்தால் அது சர்வ சாதாரணமாகத் தாண்டும்.

390 ஓமை 1 கிலோ ஓமாக மாற்றுங்கள். அதை மட்டும் மாற்றினால் கலெக்டர் 7 வோல்ட்டுக்கு ஏறிவிடும், இன்னும் மோசமாக உடையும். கூடவே 470 கிலோ ஓமை 330 கிலோ ஓமாக்குங்கள். கலெக்டர் 4.5-க்கு அருகில் வந்து நிற்கும். கெயின் எட்டரை மடங்காகக் குறையும், 0.4 வோல்ட்டுக்கு மேல் சுத்தமாகத் தாங்கும். மேடையில் சோலோவுக்கு 18 டெசிபலே ஏராளம். எங்களுக்குப் பிடித்த வடிவம் இதுதான்.

13. பெடலைப் போட்டதும் ட்ரெபிள் மங்குகிறதே?

இந்த சர்க்யூட் கிட்டாருக்குக் காட்டும் உள்ளீட்டு எதிர்ப்பு சுமார் 35 கிலோ ஓம். ஆம்ப்பின் உள்ளீடு பொதுவாக 1 மெகா ஓம். தந்தியின் அதிர்வை சிக்னலாக்கும் பிக்கப் அவ்வளவு கனமான சுமையைத் தாங்காமல் மேல் அலைகளை இழக்கிறது. கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் இன்னும் மங்கும். எமிட்டர் ரெசிஸ்டரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது, காரணம் பெரும்பாலும் 47 கிலோ ஓம்.

எளிய வழி, பஃபர் (கிட்டாருக்குச் சுமையாகாமல் சிக்னலைக் கடத்தும் சர்க்யூட்) உள்ள ஏதாவதொரு பெடலை முன்னால் வைப்பது. வேறு வழி ஜேஃபெட் என்ற வேறு வகை ட்ரான்சிஸ்டர் (கேட், டிரெயின் அதன் கால்கள்): 2என்5457-ன் கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம், டிரெயினில் 20 கிலோ ஓம் ட்ரிம்மர், அதைத் திருப்பி 5 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். ஜேஃபெட்டுகள் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடும், நிலையான ரெசிஸ்டர் போட்டால் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதுதான்.

14. ட்ரெபிள் பூஸ்டராக மாற்ற முடியுமா?

உள்ளீட்டு கெபாசிட்டர் ஒன்றை மாற்றினால் போதும். 0.1 மைக்ரோ ஃபாரடும் 35 கிலோ ஓமும் சேர்ந்து 45 ஹெர்ட்ஸ் சுமாருக்குக் கீழே வெட்டுகின்றன. கிட்டாரின் தடித்த இ தந்தி 82 ஹெர்ட்ஸ், ஆகவே பெரிதாக எதுவும் குறைவதில்லை. 0.01 (103) போட்டால் வெட்டு சுமார் 450 ஹெர்ட்ஸுக்கும், 0.0047 (472) போட்டால் ஆயிரத்தை ஒட்டியும் ஏறும். இருண்ட (ட்ரெபிள் குறைந்த) ஆம்ப்புக்கு 0.01-ல் தொடங்குங்கள்.

15. ரேஞ்ச்மாஸ்டர் செய்ய ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர் கிடைத்திருக்கிறது. இதே போர்டில் போடலாமா?

கூடாது. 1960-களின் நடுவில் இங்கிலாந்தின் டாலஸ் நிறுவனம் விற்ற ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டரில் ஓசி44 ட்ரான்சிஸ்டர் இருந்தது. அது பிஎன்பி வகை, நம்முடைய பிசி549 என்பிஎன், பவர் திசையே எதிர். எமிட்டரில் 3.9 கிலோ ஓமும் அதற்குக் குறுக்கே பெரிய கெபாசிட்டரும் வரும், கலெக்டர் சுமார் மைனஸ் 7 வோல்ட்டில் நிற்க வேண்டும். ஜெர்மேனியத்தின் கசிவு வெயிலுக்கு ஏற்ப மாறும், ஆகவே பேஸ் வோல்டேஜைத் தீர்மானிக்கும் பயாஸ் ரெசிஸ்டரை ஒவ்வொரு ட்ரான்சிஸ்டருக்கும் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று: அதில் பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்டு. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் கேபிள் வழியாக அடாப்டர் ஷார்ட் ஆகும். தனி பேட்டரியே பாதுகாப்பு.

16. 18 வோல்ட் கொடுத்தால் இன்னும் சுத்தமாக இருக்குமாமே?

ஒன்றையும் மாற்றாமல் கொடுத்தால் நேர் எதிர்தான் நடக்கும். பேஸ் வோல்டேஜ் இரட்டிப்பாகும், எமிட்டருக்குக் கிடைப்பது 0.15-லிருந்து ஏறக்குறைய 1 வோல்ட்டாகத் தாவும், ட்ரான்சிஸ்டர் முழுதாகத் திறந்து கலெக்டர் தரையைத் தட்டும். 470 கிலோ ஓமுக்குப் பதில் 680 கிலோ ஓமும் 68 கிலோ ஓமும் வரிசையாகப் போடுங்கள், கலெக்டர் 9 வோல்ட்டை ஒட்டி வரும். எமிட்டரில் 390 ஓம் இருக்கும் வடிவத்துக்கு மட்டுமே இந்தக் கணக்கு. 16 வோல்ட் கெபாசிட்டர் போட்டிருந்தால் 25 வோல்ட்டுக்கு மாற்றுங்கள்.

17. ஓவர்டிரைவுக்கு (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

முன்னால் வைத்தால் உடைவு கூடும், பின்னால் வைத்தால் சத்தம் கூடும். சோலோவுக்குச் சத்தம் வேண்டுமென்றால் பின்னால். அந்த இடத்தில் கேள்வி 13-ன் மங்கலும் வராது, ஓவர்டிரைவின் வெளியீடு 35 கிலோ ஓமைச் சுலபமாக ஓட்டும்.

18. இரண்டு ஆம்ப் வைத்து ஒன்றில் மட்டும் பூஸ்டர் போட்டேன். சத்தம் மெலிந்து போகிறது. போர்டில் தப்பா?

போர்டு சரி. கலெக்டரிலிருந்து எடுக்கும் சிக்னல் உள்ளே வந்ததற்குத் தலைகீழாக இருக்கும், ஒற்றை ட்ரான்சிஸ்டர் பூஸ்டர்களில் பெரும்பாலானவை இப்படித்தான். ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுப்பதால் தாழ்ந்த ஒலி அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒரு ஆம்ப்பின் ஸ்பீக்கர் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி இணைத்தால் சரியாகும். வால்வு ஆம்ப்பில் இதைச் செய்யும் முன் பவரை அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் இணைப்பில்லாமல் ஓடினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இரண்டு எல்பிபி-1 அடுத்தடுத்து வைத்தால் தலைகீழ் இரண்டு முறை நடந்து பழைய நிலைக்கே வரும். ஆனால் கெயின் சில நூறு மடங்காகும். அதோடு வெளியீடும் உள்ளீடும் இப்போது ஒரே திசை என்பதால், இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து முதல் உள்ளீட்டுக் கம்பியையும் கடைசி வெளியீட்டுக் கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் கீச்சிடத் தொடங்கும். உள்ளீட்டுக்கு ஷீல்டு கம்பி போடுங்கள், ஷீல்டின் ஒரு முனையை மட்டும் கிரவுண்டில் சால்டர் செய்யுங்கள்.